அலமாரி மோட்டார்

மதார் சாகிபு மோட்டார் வாங்கியிருக்கிறார் என்று மேலப்பாளையத்தில் யாரும் சொல்லவில்லை. அலமாரி வாங்கியிருக்கிறார் என்றுதான் சொன்னார்கள். சொன்னதில் தப்பும் இல்லை. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் அவர் வாங்கியபோது அது மேலே ஒன்றுமில்லாத மொட்டை வண்டி. அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷா வீட்டுப் பெண்ணான தன் மனைவி ஷரீபா பீவியை அதில் எப்படி உட்கார வைத்துத் தெருவோடு ஓட்டிப் போவது? பாளையங்கோட்டைத் தச்சர் ஒருவரைப் பிடித்தார். வண்டியின் பின்பாதியில் தேக்குப் பலகையால் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி எழும்பியது. இரண்டு பக்கமும் காற்றுக்குச் சாய்வுச் சட்டங்கள். உள்ளிருந்து பார்த்தால் உலகம் தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் பலகை தெரியும். பின்னால் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்கு, பாலம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே டிரங்குப் பெட்டிப் பூட்டும் அரிக்கேன் விளக்கும் பழுது பார்க்கிற நேசையா, தன் கடையில் கிடந்த அலமாரிப் பூட்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். இதற்கு மேல் ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்?

மதாருக்கு அந்தப் பெயரில் வருத்தம் இல்லை. ஐம்பத்தாறு வயதில் மதுரைக்குப் போய் ஒரு மாதம் தங்கி, தன் மகன் வயதுள்ள டிரைவரிடம் திட்டு வாங்கி ஓட்டப் பழகியவர் அவர். அதெல்லாம் ஷரீபா பீவியின் முட்டுவலிக்காக. மாட்டு வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் அந்த அம்மாளுக்கு இரண்டு நாள் எழுந்து நடக்க முடியாது. வலிக்கிறது என்று சொல்லவும் மாட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த உதட்டை நினைத்துத்தான் மதார் மோட்டார் வாங்கினார்.

வாங்கியவருக்கு மாட்டுவண்டிப் புத்தி மட்டும் போகவில்லை. சேலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாக அலைந்த காலத்தில் அச்சுக்கு மசகு போட்டுப் போட்டு வளர்ந்த கை அது. வைக்கோல் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் மசகு. பெட்டிக் கதவின் பூட்டு லேசாகக் கிறீச்சிட்டது. ஷரீபாவுக்கு அந்தச் சத்தம் பல்லைக் கூசும் என்று இவராகவே முடிவு செய்துகொண்டு, வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்து வந்ததும், யாரும் பார்க்காதபோது, மூங்கில் குழாயிலிருந்து ஒரு விரல் மசகை எடுத்துப் பூட்டுக்குள் அப்பிவிடுவார். எட்டு மாதமாக இது நடந்து வந்தது. பூட்டுப் போட்ட அன்றைக்கே நேசையா, "அண்ணாச்சி, இதுல எண்ணெய் கிண்ணெய் ஒண்ணும் விட்றாதிய" என்று சொல்லியிருந்தார். எண்ணெய்தானே விடக்கூடாது, மசகு வேறல்லவா என்பது மதாரின் கட்சி.

அந்த மோட்டாரில் ஷரீபா பீவி குற்றாலத்துக்குப் போயிருக்கிறாள், பொட்டல்புதூர் தர்கா கந்தூரிக்குப் போயிருக்கிறாள். போகாத ஊர் ஒன்றே ஒன்று. ஆற்றுக்கு அந்தப்பக்கம், அரைமணி நேரத்தில் எட்டிவிடுகிற பேட்டை. அங்கேதான் அவளுடைய ஒரே தம்பி அலி அக்பர் இருந்தான்.

தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் ஷரீபா. அந்தத் தம்பி பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவளுடைய மூத்த மகள் கல்யாணத்தில், சாப்பிடாமல் எழுந்து போனான். ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து உண்ணும் சகன் சாப்பாடு. பெண்ணின் தாய்மாமனான அவனை முதல் பந்தியில் மாப்பிள்ளையோடு ஒரே சகனில் உட்கார வைத்திருக்க வேண்டும். வந்த கூட்டத்தில் மதார் மறந்துபோய், இரண்டாம் பந்தியில் யாரோ மூட்டை வியாபாரிகளோடு உட்காரச் சொன்னார். அவன் எழுந்தான். மதார் சும்மா இருந்திருக்கலாம். "எந்திரிச்சுப் போறவன் என் வாசப்படி மிதிக்க வேண்டாம்" என்றார். "உம்ம நெழல்கூட மிதிக்க மாட்டேன்" என்று அவன் போனான். அத்தோடு சரி. இரண்டு ஆண்பிள்ளைகளும் வீறாப்பாக இருந்துகொண்டார்கள். நடுவில் இருந்தவளை யாரும் கேட்கவில்லை.

மோட்டார் வாங்கிய வருஷம் அலி அக்பர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டான். பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டும். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்த காலம் அல்ல அது. ஆகவே போகிறவர் உறவு, பகை எல்லாரிடமும் போய், நான் செய்ததையெல்லாம் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். அலி அக்பரால் மதார் வாசலுக்கு வர முடியாதே. லாத்தா என்று அவன் கூப்பிடும் அக்காவுக்கு ஆள் அனுப்பினான்: லாத்தா என்னைப் பொருந்திக்கிடணும், செவ்வாய்க்கிழமை பத்து மணி ரயில் வண்டியில் போகிறேன். மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. மதாருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஷரீபா பீவி நூல் சுற்றுகிற ராட்டையை விட்டு எழுந்து, வெளியே போகும்போது போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஸ்டேஷனுக்குப் போணும். நீங்க வண்டிய விட்டு எறங்க வேண்டாம். அங்கன அக்பர் வீட்டுப் பொம்பளையள்லாம் நிப்பாவ. நான் அவுகளோட நின்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன்."

"நான் எறங்க மாட்டேன். சொல்லிட்டேன்" என்றார் மதார்.

"நானும் அதைத்தான சொல்லுதேன்" என்றாள் அவள்.

தெருவில் நெசவாளிகள் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்துக் கொண்டிருந்தார்கள். அலமாரி வருகிறது என்று குரல் கொடுத்ததும் நீளமான பாவுகளை இரண்டு பக்கமும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். ஈர நூலுக்கு அடியில் வண்டி ஊர்ந்து வெளியேறியது. கொக்கிரகுளம் தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறி, ஸ்டேஷன் முற்றத்துப் புளியமர நிழலில் மதார் வண்டியை நிறுத்தியபோது மணி ஒன்பதே கால்.

இறங்கிப் பின்னால் போய்க் கைப்பிடியைத் திருப்பினார். திரும்பவில்லை. தம் பிடித்துத் திருப்பினார். பாறை மாதிரி நின்றது.

"ஷரீபா, உள்ளருந்து திற பாப்போம்."

உள்ளே கைப்பிடி கடகடவென்றது. "வர மாட்டேங்குதே" என்றாள் அவள்.

மதார் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். எட்டு மாத மசகும் கண்முன் வந்து நின்றது. பதினோரு வருஷம் கழித்துத் தம்பியைப் பார்க்க வந்தவளை நாமே பெட்டியில் போட்டு அடைத்துவிட்டோமே என்று நினைத்ததும் அந்த மனிதர் உண்மையாகவே கலங்கிப்போனார். முற்றத்தைத் தாண்டி நேசையாவின் கடைக்கு ஓடினார். ஐம்பத்தாறு வயதில் ஓடுவதை ஜட்கா வண்டிக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

நேசையா நிதானமான ஆள். வேதக் கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட மற்றவர்கள் முடித்த பிறகுதான் முடிப்பார் என்பார்கள். சின்னத் துணிப்பையோடு வந்து, கதவின் முன் குந்தி உட்கார்ந்து, பூட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஒடச்சிருவமா?" என்றார் மதார்.

"தேக்குல்லா. ஒடச்சா பெட்டியே பேந்துரும். உள்ள அம்மாவுக்கு அடிபட்டுரும். திருகாணியெல்லாம் உள்பக்கம் இருக்கு. பைய பாப்போம். அண்ணாச்சி, உள்ள கைப்பிடிக்குக் கீழ ஒரு குமிழ் இருக்கும். அதை வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்க."

மதார் சாய்வுச் சட்டத்தின் பக்கம் வாயை வைத்தார். "குமிழை வலப்பக்கம் திருப்பணுமாம்."

உள்ளே இருந்த குரல் ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது. "யாருக்கு வலப்பக்கம்னு கேளுங்க. அவுகளுக்கா, எனக்கா?"

"யாருக்கு வலப்பக்கம்வே?"

"கேட்டுச்சு அண்ணாச்சி. அம்மாவுக்கு வலப்பக்கம்."

"உனக்கு வலப்பக்கமாம்."

"திருப்பியாச்சுன்னு சொல்லுங்க."

"திருப்பியாச்சாம்."

அந்நிய ஆண்பிள்ளையோடு நேரில் பேசிப் பழக்கமில்லாத வீடு. அன்றைக்கும் அந்த ஒழுங்கு குலையவில்லை. இரண்டு பேரும் பேசுவது இரண்டு பேருக்கும் காதில் விழுந்துகொண்டிருக்க, மதார் நடுவில் நின்று ஒவ்வொரு சொல்லையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சுமந்தார். ஆனாலும் யாருக்கு வலப்பக்கம் என்று கேட்டாளே, அந்தப் புத்தியை நினைத்து அந்த நெருக்கடியிலும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

நேசையா மெல்லிய கம்பி ஒன்றைச் சாவித் துவாரத்தில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் துழாவினார். திடீரென்று கண்ணைத் திறந்தார். கம்பியை இன்னொரு தரம் தள்ளினார். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம். பிறகு தலையை நிமிர்த்திச் சாய்வுச் சட்டத்தைப் பார்த்தார். உள்ளே வளையல் லேசாகச் சத்தமிட்டது. நேசையா மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னவே?"

"இது லேசுல வராது அண்ணாச்சி."

மதார் அவர் காதருகே குனிந்தார். "வே, யாருகிட்டயும் சொல்லாதிரும். வெள்ளிக்கெழம தோறும் நான் இதுக்குள்ள மசகு போட்டேன்."

நேசையா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மசகா? மசகு போட்டா பூட்டு இறுகாம என்ன செய்யும்?" என்றார். "ஒரு மணி நேரம் ஆவும்."

மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. பிளாட்பாரத்தில் கூட்டம் சேர்ந்து நபியின் மேல் சலவாத்து ஓதுகிற சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது. உள்ளே இருந்து ஷரீபாவின் குரல் வந்தது. அதில் அழுகை இல்லை. இருந்திருந்தால் மதார் தாங்கிக்கொண்டிருப்பார்.

"இந்தாங்க. நான் போக முடியலைன்னா அவன் இங்கன வரட்டும். யாராவது போயிக் கூப்பிடணும்."

"போர்ட்டரை அனுப்புதேன்."

"போர்ட்டர் கூப்பிட்டா வருவானா? உங்க நெழலை மிதிக்க மாட்டேன்னவனாச்சே. உங்க வண்டிக்குப் பக்கத்துல எப்படி வருவான்?"

"நேசையா, நீரு ஒரு எட்டுப் போயிட்டு வாரும்."

"கம்பிய விட்டா நழுவிரும் அண்ணாச்சி" என்றார் நேசையா, அசையாமல்.

மதார் புளியமரத்தைப் பார்த்தார். வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். இறங்க மாட்டேன் என்று காலையில் சொன்ன சொல் இறங்கினபோதே போய்விட்டது. இனி எதைக் காப்பாற்ற? அவள் அந்த வீட்டுக்கு வந்த முப்பத்திரண்டு வருஷத்தில் வாயைத் திறந்து கேட்டது எத்தனை என்று யோசித்தால் விரல் மீந்துவிடும். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்துக்குள் நுழைந்தார்.

அலி அக்பர் மாலையும் கழுத்துமாக நடுவில் நின்றான். தாடி பாதி நரைத்திருந்தது. இவன் தாடி எப்போது நரைத்தது என்று மதார் திடுக்கிட்டார். கூட்டம் அவரைப் பார்த்ததும் தானாக விலகியது.

என்ன சொல்வதென்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது பூட்டுத்தான். "உன் லாத்தா வந்திருக்கா. வெளிய வண்டியில இருக்கா. கதவு திறக்க மாட்டேங்குது. அது அலமாரிப் பூட்டு. நான்தான் மசகு போட்டேன், எண்ணெய்தான விடக்கூடாதுன்னான், அதான் மசகு போட்டேன், அது உள்ள போயி இறுகிக்கிட்டு. நேசையா கம்பி விட்டுப் பாக்கான். ஒரு மணி நேரமாவுமாம். உனக்கு வண்டி வந்துரும்." பூட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவும் தீர்ந்துபோயிற்று.

அலி அக்பரின் உதடு துடித்தது. "எங்க லாத்தாவை அலமாரில வச்சுப் பூட்டிட்டியளா மச்சான்?"

மச்சான் என்ற அந்தச் சொல்லைக் கேட்டுப் பதினோரு வருஷம். மதார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே அக்பரு, அன்னைக்கு மொத சகன்ல உனக்குத்தான் எடம் போட்டிருக்கணும். மறந்துட்டேன். அது என் தப்பு. அப்புறம் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. நீ என்னைப் பொருந்திக்கோ."

"நான்ல கேக்கணும்" என்றான் அலி அக்பர். "போறவன் நான். உங்ககிட்ட கேக்காம ஏறினா எனக்கு என்ன ஹஜ்ஜு மச்சான்? ரா முழுக்கத் தூங்கல. வாசலுக்கு வரத் தைரியம் இல்ல." அவன் மதாரைக் கட்டிக்கொண்டான். மாலையில் இருந்த ரோஜா இதழ் எல்லாம் மதார் சட்டையில் நசுங்கியது.

இரண்டு பேரும் முற்றத்துக்கு வேகமாக நடந்து வந்தார்கள். நேசையா கம்பியை எடுத்துக்கொண்டு மரியாதையாக மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அலி அக்பர் சாய்வுச் சட்டத்தின் முன் நின்றான். பலகைதான் தெரிந்தது.

"லாத்தா" என்றான்.

"எலே, எளைச்சுட்டியே" என்றது பலகை.

அவன் பலகையை ஒட்டி வந்து நின்றான். சட்டத்தின் இடுக்கில் விரல்களை விட்டான். உள்ளிருந்து அந்த விரல்களை அவள் பிடித்துக்கொண்டாள் என்பது அவன் தோள் குலுங்கியதில் மதாருக்குத் தெரிந்தது.

"நான் உன்னை என்னைக்கோ பொருந்திக்கிட்டேன். நீ போயி நல்லபடியா வா. அங்கன போயி எங்க ரெண்டு பேருக்கும் துஆ கேளு. வேளைக்குச் சாப்பிடு. கோவத்துல சாப்பாட்டுல இருந்து எந்திரிக்காத."

மணி அடித்தது. மதார் அவனுடைய பத்தமடைப் பாய்ச் சுருட்டைத் தானே தூக்கிக்கொண்டு ஓடி, ரயில் பெட்டியில் ஏற்றி, ஜன்னலோரம் விரித்துக் கொடுத்து, வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தார்.

அவர் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. ஷரீபா பீவி துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேசையா பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் விட்டுக் குடுத்துச்சு அண்ணாச்சி" என்றார். கூலி என்று மதார் மடியில் கை வைத்தபோது அவர் தலையை ஆட்டினார். "நான் ஒண்ணும் பெருசா செய்யல. கேட்டு வாங்கினா எனக்கே அடுக்காது."

என்ன தங்கமான மனிதர் என்று மதார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினார். பெட்டிக்குள்ளிருந்து ஆமாம் என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார். மூங்கில் குழாயைத் தொடவில்லை. மண்ணெண்ணெயும் கந்தைத் துணியும் எடுத்துக்கொண்டு, இத்தனை நாள் செய்த பாவத்தைக் கழுவுகிறவர் போலப் பூட்டின் முன் உட்கார்ந்தார். உள்பக்கத் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுத்தார். உள்ளே கன்னங்கரேல் என்று மசகு இருந்தது. இறுகிக் கிடக்கும் என்று நினைத்தார். ஆணியால் தொட்டால் வெண்ணெயாக வழிந்தது. தாழ்நாக்கு ஒரு விரலுக்கு முன்னும் பின்னும் ஓடியது. பிறகு எதற்காகத் திறக்கவில்லை?

அடியில் ஏதோ கிடந்தது. எடுத்துத் துணியில் துடைத்தார். ஒடிந்த குச்சி முனை, அரை விரல் நீளம். தறிக்கு நூல் சுற்றுகிற தார்க்குச்சி. அதில் நீல நூல் ஓர் இழை சுற்றியபடியே இருந்தது. அந்த வாரம் நீல நூல் சுற்றியது அவர் வீட்டில்தான்.

மதார் அந்தக் குச்சியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கைப்பிடி திரும்பாதபடி உள்பக்கச் சாவித் துவாரத்தில் குச்சியைக் கொடுத்துப் பிடித்திருக்கிறாள்; வெளியே இழுத்தபோது முனை ஒடிந்து உள்ளே விழுந்திருக்கிறது. நேசையாவின் கம்பியை அதுதான் திருப்பித் தள்ளியிருக்கிறது. அந்த ஆள் அதைக் கண்டுகொண்டு, ஒரு பொய்யும் சொல்லாமல், ஓர் உண்மையும் சொல்லாமல் ஒரு மணி நேரம் என்றிருக்கிறார். நீங்கள் இறங்க வேண்டாம் என்று காலையிலேயே சொன்னாளே, அப்போதே மடியில் குச்சி இருந்திருக்கும். அவருக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். வரவில்லை. அதற்குப் பதிலாகக் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

உள்ளே ஷரீபா பீவி ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மதார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒடிந்த குச்சியைத் தார்க்கூடையில் மற்றக் குச்சிகளோடு போட்டார். ராட்டை நின்றது. அவள் குச்சியைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"கோவமா?" என்றாள்.

"பதினோரு வருசம் நான் பூட்டி வச்சிருந்தேன்" என்றார் மதார். "நீ முக்கால் மணி நேரந்தானே."

அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பிறகு இழையை எடுத்து ஈரப்படுத்தி மறுபடியும் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அந்த மசகை மட்டும் இனிமே போடாதிய" என்றாள். "எட்டு மாசமா என் துப்பட்டியில கறை போகவே மாட்டேங்குது."